லோடு வண்டிக்கு முன்னால்

“ஏனுங்க, சித்த ஆடாம உக்காருங்களே” என்கிறாள் தனக்கொடி. ஆடுவது நானாம். மகள் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன ஸ்கூட்டரின் பின் சீட்டில் நான் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஆடுவது வண்டி, ஆட்டுவது இவள், பழி மட்டும் என் மேல். வீட்டிலும் இதே கதைதான், பால் பொங்கி வழிந்தால் அந்த நேரம் பார்த்து நான் கூப்பிட்டதுதான் காரணம். இந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தோளில் வைத்தால் கூசுகிறது என்கிறாள், இடுப்பில் வைத்தால் மகுடஞ்சாவடி கடைவீதி முழுக்க வேடிக்கை பார்க்கும், பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்தால் இப்போதுதான் ஒட்டிவந்த தோள் எலும்பு சுருக்கென்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் முதுகை இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ரவிக்கையில் தையல் விட்ட இடத்தை வேறு நிற நூலால் தைத்திருக்கிறாள், அவசரத்தில் கைக்குக் கிடைத்த நூல் போலிருக்கிறது, என் சட்டை பட்டனாக இருந்தால் கடைக்குப் போய் நூல் வாங்கியிருப்பாள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஹெல்மெட் வந்து என் மூக்கில் இடிக்கிறது. எனக்கு வேண்டியது கண்ணாடி. பாதி ஆயுசைக் கண்ணாடி பார்த்தே ஓட்டியவன் நான், பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் ஒரு பர்லாங்கு போனதில்லை. இவளானால் இரண்டு கண்ணாடியையும் உள்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, “அதப் பாத்தா ரோட்டப் பாக்க முடியலீங்க, ஏதாச்சும் ஒண்ணத்தான பாக்க முடியும்” என்றாள். அந்தக் கண்ணாடியில் எனக்குத் தெரிவது அவளுடைய தாடையும் மூக்குத்தியும்தான். அதனால் கொஞ்சத்துக்கொருதரம் நானே திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். யாராவது பார்க்க வேண்டுமல்லவா. என் வலது கால் வேறு, சொன்ன பேச்சைக் கேட்காமல், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டுவிட்டது.

இன்றைக்கு மறுபடி லாரி ஏறுகிறேன். படுதா கட்டும்போது லோடு மேலிருந்து வழுக்கி விழுந்து, தோளில் கட்டுப் போட்டு, வீட்டில் கிடந்து, சீரியல் பார்த்து, தனக்கொடி ரசத்துக்கு எத்தனை மிளகு போடுகிறாள் என்பதுவரை தெரிந்துகொண்டு, போதும் போதும் என்றாகிவிட்டது. பஸ் நெரிசலில் என் தோள் இடிபடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் இவள் ஸ்கூட்டர் பழக ஆரம்பித்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் பிடித்துக்கொள்ள இவள் வட்டம் வட்டமாகச் சுற்றுவதை வேலிக்கு வெளியே கட்டுப் போட்ட கையோடு நின்று பார்த்திருக்கிறேன். இவள் பழகி முடிப்பதற்குள் கட்டைப் பிரித்துவிட்டார்கள். அதற்காக விட்டுவிட முடியுமா, “காகாபாளையம் லாரிப் பட்டறைக்காச்சும் நானே கொண்டாந்து உடறேன்” என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். சாப்பாட்டுத் தூக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில், என் பை அதற்குப் பக்கத்தில், பின்னால் நான். பையில் மடித்து வைத்த காக்கிச் சட்டைகள். அந்தச் சட்டைகளை மடிக்கும்போதுதான் நேற்று மத்தியானம் அதைக் கேட்டாள். தலை நிமிராமல், சோப்பு எடுத்து வைத்தீர்களா என்று கேட்கிற அதே குரலில், “யாரு குறுக்க வந்தாலும் ஸ்டியரிங்க ஒடிக்க மாட்டேன்னு எனக்கொரு சத்தியம் பண்ணிட்டுப் போங்க” என்றாள். எனக்கு வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது. “என்ன புள்ள திடீர்னு” என்றேன். “திடீர்னெல்லாம் இல்ல. நாளைக்குப் போறதுக்குள்ள சொல்லுங்க” என்று சட்டைக் கழுத்தை நீவிவிட்டாள்.

இதில் என்ன கஷ்டம், நான் ஊரெல்லாம் சொல்கிறதைத்தானே கேட்டாள். லோடு வண்டியை ஒடிக்காதே, ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பிரேக்கை மிதி, குறுக்கே வந்தவன் பாடு அவனோடு. ஒடித்தால் வண்டிதான் திரும்பும், மேலே இருக்கிற லோடு திரும்பாது, அது போன போக்கில் போய் வண்டியையும் இழுத்துக்கொண்டு சாயும், பக்கத்தில் பஸ் வந்தால் பஸ்ஸோடு போகும், இதைக் கிருஷ்ணகிரி டீக்கடையில் எத்தனை பேரிடம் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை ஒரு தர்மபுரிக்காரன் கிளாஸை வைத்துவிட்டு, “ஒடிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்கு அங்க யாருண்ணா டைம் குடுக்கறா, கை பாட்டுக்குத் திரும்பிருது” என்றான். அதற்குத்தான் முன்னாலேயே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் வாயை அடைத்தேன். அப்படியானால் நேற்று ஒரு வார்த்தை, சரி புள்ள என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே. சொல்ல வரவில்லை. சரி என்றால் ரத்தினம் செய்தது தப்பு என்று ஆகிவிடும். ரத்தினம் இவளுக்கு ஒரே தம்பி. தர்மபுரி பக்கம் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வந்தவன், சந்துப் பாதையிலிருந்து தள்ளாடிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து ஏறிய ஒருத்திக்காக ஒடித்தான். வண்டி நடுத்திட்டில் ஏறிக் கவிழ்ந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சாக்கெல்லாம் கிழிந்து ரோடு வெள்ளையாகக் கிடந்தது, அக்கம்பக்கத்து ஜனம் குண்டா கொண்டுவந்து அள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஸ்கூட்டர்க்காரி நிற்காமல் போய்விட்டாள் என்றார்கள். “திரும்பிக்கூடப் பாக்கலியாமா” என்று தனக்கொடி அன்றைக்கு மார்பில் அடித்துக்கொண்டாள், அடுத்த வருஷமும் அதையே சொன்னாள், வருஷா வருஷம் அவன் போட்டோவுக்கு மாலை போடும்போதும் சொல்வாள், “என்ற தம்பி ரெண்டு உசுரக் காப்பாத்திட்டுத்தான் போனான், அவ திரும்பிக்கூடப் பாக்கல.” நான் சூடத்தைப் பற்றவைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். ஒடித்திருக்கக் கூடாதே மாப்பிள்ளை, நேராக வைத்து மிதித்திருக்கலாமே என்று உள்ளுக்குள் அவனிடம் சொல்வேன். ஒரு நாளும் இவள் காதில் விழும்படி சொன்னதில்லை, இவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல், அதில் போய்க் கை வைப்பேனா. இப்போது இவளே வந்து ஒடிக்காதே என்கிறாள். அப்படியென்றால் இவளுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து? மாலை போடும்போதெல்லாம் தெரிந்துகொண்டேதான் சொன்னாளா? நானும் பேசாமல் நின்று, இவளும் தெரியாத மாதிரி சொல்லி, இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் காப்பாற்றிக்கொண்டா இருந்தோம்? இதோ முன்னால் ஹெல்மெட்டுக்குள் என்ன நினைத்துக்கொண்டு போகிறாள்? நேற்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் தோசை வார்த்தாள். இரண்டாவது தோசைக்கு நெய் விட்டாள். பட்டறை வருவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும், இவள் இதற்கு மேல் கேட்க மாட்டாள், கேட்காமலே பையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவாள், நான் பாலக்காடு போய் வருகிறவரைக்கும் இங்கே ஒரு வாய் சோறு இறங்காது.

சர்வீஸ் ரோடு முடிந்துவிட்டது. பாலம் வேலை நடப்பதால் கொஞ்ச தூரம் பெரிய ரோட்டில்தான் போக வேண்டும். “ஏறட்டுமா?” என்கிறாள். “ஏறு, ஏறு, ஓரமாவே போ, வெள்ளக் கோட்டத் தாண்டாத.” “தெரியுமுங்க.” ஏறிவிட்டாள். இங்கே உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே உயரமாக இருக்கிறது. லாரிச் சக்கரம் காதுக்கு நேராக வருகிறது, ஒவ்வொன்றும் கடந்து போகும்போது காற்று பிடித்துத் தள்ளுகிறது, மேலே இருந்து எத்தனை நாள் இப்படிப்பட்டவர்களைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு வைதிருக்கிறேன், கிறுக்குப்பயல், சாவுகிராக்கி, யார் இவனுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது என்று. காற்று தள்ளும் என்று யார் கண்டது. பின்னால் ஒன்று வருகிறது. சத்தத்தைக் கேட்டாலே தெரியும், பெரிய வண்டி, லைட்டான லோடு, ஆனால் உயரமான லோடு, எதிர்க்காற்றில் கயிறு முனகுகிறது. வைக்கோலாக இருக்கும், இல்லாவிட்டால் தேங்காய் நார். ஹார்ன் அடிக்கிறான். அவசரக்காரன் ஹார்ன் இல்லை, நான் வருகிறேன் என்று சொல்கிற ஹார்ன். அவன் கண்ணுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம், ஒரு பச்சை ஹெல்மெட், ஒரு வழுக்கைத்தலை, கால்மாட்டில் தூக்கு, கோடு போட்ட மாதிரி போகாத ஒரு ஸ்கூட்டர். அவன் கால் பிரேக் மேல் இருக்குமா? அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா, ஒடிக்காதே, நேராக வைத்து மிதி என்று? நான் சொன்ன ஆட்களில் ஒருவனாகக்கூட இருப்பான். எத்தனை தூரத்தில் இருக்கிறான்? கண்ணாடி இல்லை. பார்த்துவிட்டால் தேவலை, ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும், வலது பக்கம் தோளுக்கு மேல் நன்றாகத் திரும்பி, இடுப்பை வளைத்து, ஒரு கையை ஊன்றி, பார்க்கிறேன். இவ்வளவு கிட்டத்திலா. “ஐயோ ஆடாதீங்க!” வண்டி வலது பக்கம் இழுக்கிறது, வெள்ளைக்கோடு எங்கள் இடது பக்கத்துக்குப் போய்விட்டது, ஹார்ன் விடாமல் அலறுகிறது, பிரேக் சீறுகிறது, ரப்பர் தீய்ந்த வாசம், நிழல் எங்கள் மேல் ஏறுகிறது, நான் கத்துகிறேன், வாய்விட்டா உள்ளுக்குள்ளா தெரியவில்லை, ஒடிடா, ஒடிடா தம்பி, ஒடிச்சிரு சாமி. ஒடிக்கிறான். மேசையைத் தட்டித் தட்டி நான் செய்யாதே என்று சொன்னதைச் செய்கிறான். வலது பக்கம் அந்த வண்டி விலகிப் போகிறது, உச்சியில் நார்க் கட்டுகள் போகாமல் இந்தப் பக்கமே சாய்கின்றன, சாய்கின்றன, கயிறு முறுக்குகிறது, வலது பக்க டயர் தரையை விட்டு எழுந்துவிட்டதா, ஐயோ நேராக்கு, நேராக்கு, உன் வீட்டில் யார் இருக்கிறார்களோ, மெதுவாக நேராக்கு. சாய்ந்த லோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரும்பி உட்காருகிறது. லாரி எங்களைத் தாண்டி, ஓரம் கட்டி நிற்கிறது. தனக்கொடி எப்படியோ மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டாள். என் இரண்டு கைகளும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கின்றன, எப்போது கட்டினேனோ, அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

சின்ன வயசுக்காரன்தான் இறங்கி வருகிறான். முகம் வெளுத்துக் கிடக்கிறது, கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே வருகிறான். “ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று கத்துகிறான். எத்தனை பேரை நான் கேட்ட கேள்வி, என் பெண்டாட்டியை ஒருத்தன் கேட்கிறான், கையை ஓங்கத் தோன்றவில்லை, அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் என்ன என்றிருக்கிறது. தனக்கொடி ஹெல்மெட்டைக் கழற்றி, “வீட்டுக்காரரே பின்னாலதான் தம்பி உக்காந்திருக்காரு” என்கிறாள். இந்த நிலையிலும் சொல்லிவிட்டாள், இந்த வாய்க்குத்தானே நான் கட்டிக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கிறான். “யோவ் பெருசு, அந்தம்மா நேராத்தான் போவுது. அவத்த பாலத்துக்கிட்ட இருந்தே பாத்துட்டு வாரேன். நீதான் திரும்பித் திரும்பிப் பாத்து வண்டிய இழுக்கற. டூவீலர்ல பின்னால உக்காந்ததே இல்லியா?” என்கிறான். இல்லை தம்பி, உட்கார்ந்ததே இல்லை. லாரியில் திரும்பிப் பார்த்தால் லாரி திரும்பாது, அந்தப் பழக்கம். நானும் டிரைவர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. “தப்பு என் மேலதான்” என்கிறேன். இவள் தண்ணி பாட்டிலை நீட்டுகிறாள், அவன் அண்ணாந்து குடிக்கும்போது பாதி சட்டையில் ஊற்றுகிறது. “பாத்துப் போங்கம்மா” என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போய், தன் லோடைச் சுற்றி வந்து ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்க்கிறான். அவன் போய் வண்டியை எடுக்கிறவரைக்கும் தனக்கொடி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கேட்கிறாள், “ரத்தினத்துக்குக் குறுக்க வந்தாளே, அவ பின்னாலயும் ஒரு ஆம்பள உக்காந்திருந்தாருன்னுதான சொன்னாங்க?” “ஆமா.” “உங்களாட்டம் ஒருத்தரா இருந்திருக்கும்.” சிரிக்கிறாளா என்று பார்த்தால் கண்ணிலிருந்து கொட்டுகிறது. “திரும்பிப் பாக்கலைன்னு எத்தன வஞ்சிருக்கேன் அவள. எங்கீங்க திரும்பறது, ரோட்ட உட்டுக் கண்ண எடுக்கவே முடியல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்தத் தம்பி பொண்டாட்டியும் அவன்கிட்டச் சத்தியம் கேட்டிருப்பாளுங்க. அவன் அத மதிச்சிருந்தான்னா?” என்கிறாள். நான் சாய்ந்து கிடந்த சாப்பாட்டுத் தூக்கை நிமிர்த்தி வைக்கிறேன். “நேத்துக் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாமுங்க. நான் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறாள்.

மீதித் தூரம் முழுக்க நான் திரும்பவே இல்லை. முன்னால் அந்த வேறு நிறத் தையலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டபோது இருந்ததைவிட, வேண்டாம் என்று விட்டபிறகு நெஞ்சு கனக்கிறது. ஒடிக்காதே என்று கட்டிப் போட்டு, நான் அதை மீறியிருந்தால் இவள் கோபித்துக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்திருக்கும், இப்போது எது நடந்தாலும் என் தலையில்தான். பட்டறையில், “வாங்க நாச்சிமுத்தண்ணா, கம்பி லோடு, பாத்து” என்றார் மேனேஜர். கம்பி லோடு. ஒடித்தால் கவிழும், பிரேக்கை ஓங்கி மிதித்தால் கம்பி கேபினைப் பிய்த்துக்கொண்டு முதுகில் வந்து இறங்கும். இருந்திருந்து எனக்கென்று இதை வைத்திருக்கிறார்கள். இவளிடம் சொல்லவில்லை, ஆனால் படுதாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியை அவளும் பார்த்துவிட்டாள், டிரைவர் வீட்டுக்காரிக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை. பையைக் கொடுத்தாள், தூக்கைக் கொடுத்தாள், சட்டைக் காலரைச் சரி பண்ணுகிற சாக்கில் என் தோளை அமுக்கிப் பார்த்தாள். “வலிக்குதா?” “இல்ல.” “பொய்.” “போய்ட்டுப் போன் பண்ணு புள்ள.” “நீங்க பண்ணுங்க.” அவ்வளவுதான் பேசினோம், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் டயரைத் தட்டிப் பார்த்து, சங்கிலியை முறுக்கிப் பார்த்து, ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்தபோது, அப்பாடா, பின்னால் எல்லாம் தெரிகிறது, ஆனால் எனக்குப் பார்க்க வேண்டியது பின்னால் ஒன்றும் இல்லை.

பாலத்தடியில் திரும்பி சங்ககிரி ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பச்சை ஹெல்மெட். அவளேதான். இந்தப் பக்கமும் சர்வீஸ் ரோடு அடைத்திருக்கிறது, பெரிய ரோட்டு ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். பின் சீட் காலி. துளி ஆடவில்லை, வெள்ளைக்கோட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி போகிறாள், அடிப்பாவி, இவ்வளவு நன்றாக ஓட்டுவாயா நீ. மேலேயிருந்து பார்க்க எவ்வளவு சின்னதாக இருக்கிறாள். காற்றில் முந்தானை நுனி பறக்கிறது, இழுத்துச் செருகக் கையை எடுக்க மாட்டாள், பயம். ஹார்ன் மேல் கை போகிறது, எடுத்துவிட்டேன், திடுக்கிட்டுவிடுவாள். வலது பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, தாண்டிப் போகலாம். நான் தாண்டினால் காற்று தள்ளும். போகட்டும், என்ன இப்போது, பாலக்காடு ஓடியா போய்விடும். கியரைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், மாட்டுவண்டி மாதிரி அவள் பின்னாலேயே போகிறேன், நடுவில் இரண்டு பஸ் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுக்கொண்டு. இந்த இடம் இருக்கிறவரைக்கும் ஒடிக்கவும் வேண்டாம் ஓங்கி மிதிக்கவும் வேண்டாம். இந்தச் சின்ன விஷயத்தை விட்டுவிட்டு ஒடிக்கலாமா கூடாதா என்று இத்தனை காலம் மேசையைத் தட்டியிருக்கிறேன். பின்னால் ஒரு பஸ்காரன் ஹார்னில் கை வைத்தவன் எடுக்கவில்லை, இன்னொருத்தன் ஜன்னல் வழியே என் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். மகுடஞ்சாவடி பிரிவு வருகிறது. இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி இடது பக்கம் இறங்குகிறாள், பின்னால் இவ்வளவு நேரம் வந்தது நான்தான் என்று தெரியாமலே வீட்டுக்குப் போகிறாள். “கிட்டவே போக மாட்டேன் புள்ள” என்று கேபினுக்குள் உரக்கச் சொன்னேன். “யாரு பின்னாலயும் அவ்வளவு கிட்டப் போகவே மாட்டேன், சத்தியம்.” போனில் சொல்ல வேண்டும், சொன்னால் போனிலேயே அழுவாள், அழட்டும். இப்போது முன்னால் ரோடு காலி, வேகம் எடுக்கலாம் என்று நினைக்கும்போது பிரிவுப் பாதையிலிருந்து மொபெட் ஒன்று ஏறுகிறது, ஒரு கிழவர், பின்னால் கேஸ் சிலிண்டர், அதற்கும் பின்னால் திரும்பித் திரும்பி என் வண்டியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன். மொபெட் ஆடுகிறது. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.